செங்கல்லின் கனம்

1881 ஜனவரியில் கோலாலம்பூர் எரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியது. அத்தாப்பு ஓலைக் கூரையும் மரச்சட்டமும் மண்சுவருமாக எழுந்த ஈயச் சுரங்க ஊர் அது. தீயையும் நீரையும் ஒரே ஆண்டில் தாங்காமல் போனதில் வியப்பில்லை. 1882இல் சிலாங்கூரின் ரெசிடென்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம் 1884இல் ஒரு விதி போட்டார்: இனி எழும் கட்டடங்கள் செங்கல்லும் ஓடும் கொண்டவையாக இருக்க வேண்டும், தெருக்கள் அகல வேண்டும். அதற்கான கல்லுக்காகச் சீனர் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோய் ஊருக்குத் தெற்கே பெரும் நிலம் வாங்கிச் சூளைத் தொழிலைத் தொடங்கினார். பின்னால் காப்பித்தானான யாப் குவான் செங்கும் அங்கே சூளை நடத்தினார். பிரிக்பீல்ட்ஸ் என்ற வட்டாரம் பிறந்தது இப்படித்தான். 1886இல் கிள்ளான் பக்கத்துப் புக்கிட் கூடாவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கிய பிறகு பட்டறை, குடியிருப்பு, யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்கள், தமிழகத்துத் தொழிலாளர், கந்தசாமி கோயில், விவேகானந்தா ஆசிரமம் என்று அந்த வட்டாரத்தின் முகம் மாறியது. அதனால் பிரிக்பீல்ட்ஸின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சூளையை ஒரு வரியில் சொல்லிவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். எனக்கு அந்த ஒரு வரியிலேயே நின்று பேச வேண்டிய விஷயம் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒரு பொருள் எப்படிச் சூடேறுகிறது, எப்படி ஆறுகிறது என்ற கணக்கு சூளையில் தாளும் எழுத்தும் இல்லாமலேயே தீர்க்கப்பட்டது. அதே கல் சுவராக எழுந்தபோது அதே கணக்கு மறுபடி வந்து நின்றது. இந்த முறை அதைத் தீர்க்க யாரும் இல்லை. தொழிலனுபவத்தால் எதைக் கண்டுபிடிக்க முடியும், எதற்குக் கணிதம் இல்லாமல் முடியாது என்பதற்கு இந்த நகரம் நல்ல சான்று.

சூட்டைக் கணக்காக எழுத முதலில் முயன்றவர்களில் நியூட்டனும் ஒருவர். 1701இல் தன் பெயரைப் போடாமல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்ட சிறு கட்டுரைக்காக, காய்ச்சிய இரும்புக் கட்டியை ஒரே சீராகக் காற்று வீசும் இடத்தில் வைத்து அது ஆறும் நேரத்தைக் கவனித்தார். பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் இடையே வேறுபாடு எவ்வளவோ அந்த அளவுக்கு ஆறும் வேகம் இருக்கும் என்பது அவர் கொண்ட விதி. வேறுபாடு பாதியாக ஒரு நாள் ஆகிறதென்றால், அந்தப் பாதி மறுபடி பாதியாகவும் ஒரு நாள் ஆகும். 960 டிகிரியில் தொடங்கினால் 480, 240, 120, 60, 30 என்று இறங்கி ஐந்தாம் நாள்தான் கைவைக்கும் நிலை வரும். செந்தணல் நிலையில் கதிர்வீச்சு மிகுதி என்பதால் தொடக்கத்தில் இதைவிட விரைவாகவே ஆறும். அதற்குரிய நான்காம் அடுக்கு விதியை ஸ்டெபான் 1879இல் முன்வைத்தார், போல்ட்ஸ்மன் அதைக் கோட்பாட்டிலிருந்து வருவித்தது சுவெட்டன்ஹாம் செங்கல் விதி போட்ட அதே 1884இல். நியூட்டன் விதியில் ஒரு பெரிய குறை உண்டு. பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று அது கேட்பதே இல்லை. முழுக் கட்டியும் எப்போதும் ஒரே சூட்டில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. மெல்லிய தகட்டுக்கு அது போதும். செங்கல்லுக்குப் போதாது.

உள்ளே நடப்பதை எழுதிக் காட்டியவர் ஜோசப் ஃபூரியே. நெப்போலியனோடு எகிப்துக்குப் போய்வந்து, கிரெனோபிளில் மாவட்ட நிர்வாகம் பார்த்துக்கொண்டே 1807இல் தன் ஆய்வுரையை எழுதினார். லக்ராஞ்ச் போன்ற பெரியவர்கள் அதன் கணித முறையை ஏற்கவில்லை. நூலாக வெளிவர 1822 ஆயிற்று. எகிப்திலிருந்து திரும்பியவர் அறையை அளவுக்கு மீறிச் சூடாக வைத்துக்கொண்டு வாழ்ந்தார் என்று ஒரு பழைய பேச்சு உண்டு. கோலாலம்பூர் அவருக்குப் பிடித்திருக்கும். அவருடைய சமன்பாட்டின் சாரத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லலாம். ஒரு பொருளுக்குள் சூடு ஊடுருவ ஆகும் நேரம் அதன் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: கனம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. எத்தனை பெரிய தீ மூட்டினாலும் இந்த விகிதம் மாறாது.

சூளையில் இதன் விளைவைப் பார்ப்போம். சுட்ட களிமண்ணில் வெப்பம் பரவும் திறன் நொடிக்குச் சுமார் அரை சதுர மில்லிமீட்டர். 7 சென்டிமீட்டர் கனமுள்ள கல்லுக்கு இருபுறமிருந்தும் சூடு வருகிறதென்றால், அது நடுவை எட்ட 35 மில்லிமீட்டர் போக வேண்டும். அந்தத் தூரத்தின் வர்க்கத்தைப் பரவும் திறனால் வகுத்தால் ஏறத்தாழ 40 நிமிடம். கனத்தை 14 சென்டிமீட்டர் ஆக்கினால் இரண்டே முக்கால் மணி நேரம். வெறும் காத்திருப்பு என்றால் பரவாயில்லை, ஆனால் களிமண் அப்படிக் காத்திருக்காது. சூளையின் சூடு மணிக்கு 50 டிகிரி வீதம் ஏறும்போது 7 சென்டிமீட்டர் கல்லின் மேற்பரப்புக்கும் நடுவுக்கும் இடையே 17 டிகிரி வேறுபாடு நிற்கும். 14 சென்டிமீட்டர் கல்லில் அது 68 டிகிரி. வெளிப்புறம் விரிந்து உட்புறம் விரியாமல் இருந்தால் கல் வெடிக்கும். களிமண்ணில் கலந்திருக்கும் மணலின் படிகம் 573 டிகிரியில் சட்டென்று பருமன் மாறும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தப் படியை மெதுவாகத்தான் தாண்ட வேண்டும். அதனால்தான் தீ அணைந்த பிறகும் சூளையை உடனே பிரிப்பதில்லை. பச்சைக்கல் உலர்வதும் இதே விதிக்குள்தான் வருகிறது. ஃபூரியேயின் சமன்பாட்டை அப்படியே எடுத்து, ஒரு பொருளுக்குள் இன்னொன்று பரவுவதற்கு அடோல்ஃப் ஃபிக் பொருத்தியது 1855இல். ஈரம் வெளியேறும் நேரமும் கனத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் உலர்த்துவது, சுடுவதைவிடப் பெரிய தலைவலியாக இருந்திருக்கும்.

இதைவிட முக்கியமானது கல்லை அடுக்கும் முறை. நான்கு மீட்டர் கனத்துக்குக் கல்லை நெருக்கி, ஒரே கட்டியாக அடுக்கித் தீ மூட்டினால் என்ன ஆகும்? நடு இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது. அதே கணக்கைப் போட்டால் 80 இலட்சம் நொடி, அதாவது மூன்று மாதம். எந்தச் சூளையும் மூன்று மாதம் எரிவதில்லை; ஒரு மலைக்காடே விறகாக வேண்டியிருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சந்து விட்டு அடுக்குவது இதற்கான விடை. சந்து வழியே அனல்காற்று பாய்வதால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகச் சூடேறுகிறது. நான்கு மீட்டர் குவியல் ஆயிரக்கணக்கான 7 சென்டிமீட்டர் துண்டுகளாகப் பிரிந்துவிடுகிறது. மூன்று மாதக் கணக்கு 40 நிமிடக் கணக்காகிவிடுகிறது. எஞ்சிய நாட்களெல்லாம் ஈரம் போவதற்கும், அனல் குவியல் முழுக்கப் பரவுவதற்கும், மெதுவாக ஆறுவதற்கும் ஆகிறவை. செங்கல் சுட்ட சமூகங்கள் பெரும்பாலும் இந்தச் சந்தை விட்டே அடுக்கின. கனத்தின் வர்க்கம் என்ற விதிக்கு இதைவிடச் சுருக்கமான விடையை எந்தக் கணிதப் பேராசிரியரும் தந்துவிட முடியாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். செங்கல்லின் அளவு கையின் அளவு. ஒரு கொத்தன் ஒரு கையால் எடுக்க வேண்டும், மறுகையில் கரண்டி இருக்கிறது, அவ்வளவுதான். இதில் ஃபூரியே எங்கே வந்தார்? பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயச் செங்கல்லை மட்டும் பார்த்தால் இந்த மறுப்பு வலுவானது. அதன் அகலம் கைப்பிடிக்கு ஏற்றதுதான். ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். கீழடியில் கிடைத்த செங்கற்களின் கனம், அகலம், நீளம் ஏறத்தாழ 1:4:6 என்ற விகிதத்தில் இருக்கின்றன. கனம் சுமார் 6 சென்டிமீட்டர், நீளமோ ஓரடிக்கு மேல். இதை ஒரு கையால் எடுக்க முடியாது. ஹரப்பாக் கல் 1:2:4 என்ற விகிதத்தைக் கொண்டது, கனம் பெரும்பாலும் 7 சென்டிமீட்டர். நீளமும் அகலமும் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் தாராளமாக மாறியிருக்கின்றன. கனம் மட்டும் குறுகிய ஓர் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. கீழடிக் கல்லின் அதே மண்ணைக் கனசதுரமாகப் பிடித்தால் ஒரு பக்கம் 17 சென்டிமீட்டர் வரும். எடை அதேதான், தூக்கும் சிரமமும் அதேதான். ஆனால் நடுப்பகுதி மேற்பரப்பிலிருந்து மூன்று மடங்கு தள்ளிப் போயிருக்கும். உலரவும் வேகவும் பல மடங்கு நேரம் பிடிக்கும், பாதி வெடிக்கும். அப்படி ஒரு கல்லை யாரும் செய்யவில்லை. கை அகலத்தைத் தீர்மானித்தது. கனத்தைத் தீர்மானித்தது சூடு.

இன்னொரு மறுப்பு வேறு திசையிலிருந்து வரும்: சூளைத் தொழிலாளியைக் கணித மேதையாக்கும் பெருமிதப் பேச்சு இது. அப்படி நான் சொல்லவில்லை. 573 டிகிரி என்ற எண்ணோ வர்க்கம் என்ற கருத்தோ யாப் ஆ லோயின் சூளையில் யாருக்கும் தெரிந்திருக்கத் தேவையில்லை. தணலின் நிறம் தெரிந்தால் போதும். அடுக்கு சுருங்கி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும். ஒரு சூளை சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. கெட்டால் எத்தனை கல் கெட்டது என்று எண்ணிப் பார்க்கலாம். நட்டம் அடுக்கியவனுக்கும் முதல் போட்டவனுக்கும் உடனே உறைக்கும். அடுத்த சூளையில் மாற்றிச் செய்யலாம். ஒரு தலைமுறையில் நூற்றுக்கணக்கான முறை இப்படி நடந்தால், சமன்பாட்டை அறியாமலேயே அதன் விடையை அடைந்துவிடலாம். இதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும்: முயற்சி திரும்பத் திரும்ப நடக்க வேண்டும், விளைவு சீக்கிரம் தெரிய வேண்டும், தவறு செய்தவனே அதன் விலையைக் கொடுக்க வேண்டும். சூளை வாசலைத் தாண்டிக் கல் வெளியே வந்ததும் மூன்றும் இல்லாமல் போகின்றன.

அந்தக் கல் எதற்காக வந்தது? தீயைத் தடுக்க. தடுத்ததா என்றால், தடுத்தது. அது எப்படி என்று பார்க்கும்போதுதான் பிரச்சினையின் முழு உருவம் தெரிகிறது. ஒரு கடைவீடு ஒரு மணி நேரம் கொழுந்துவிட்டு எரிகிறது என்று வையுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் சூடு செங்கல்லுக்குள் ஊடுருவும் ஆழம், அதே அரை சதுர மில்லிமீட்டர் கணக்கின்படி, 4 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். சுவரோ 9 அங்குலம், 23 சென்டிமீட்டர். பக்கத்துக் கடைக்காரரின் பக்கம் அந்த நேரத்துக்குள் ஏறக்குறைய எதுவும் தெரியாது. தீயைப் பொறுத்தவரை அந்தச் சுவர் முடிவில்லாத கனமுடையது. இப்போது தீக்குப் பதிலாக வெயிலை வைப்போம். வெயிலுக்கு ஒரு மணி நேரக் கணக்கு இல்லை, நாள் கணக்கு. 12 மணி நேரத்தில் சூடு எட்டும் ஆழம் சுமார் 15 சென்டிமீட்டர். நேரம் 12 மடங்கு, ஆழம் அதன் வர்க்கமூலமான மூன்றரை மடங்கு. அதாவது சுவரின் பெரும்பகுதி பகல் முழுவதும் சூட்டை வாங்கிச் சேர்த்துவைக்கிறது. வெளியே ஏறி இறங்கும் வெப்ப அலை உள்ளே வந்து சேர ஆகும் தாமதத்தைக் கட்டடவியல் அட்டவணைகள் 9 அங்குலச் செங்கற்சுவருக்கு ஆறேழு மணி நேரம் என்று தருகின்றன. மேற்குச் சுவர் மாலை 4 மணிக்கு வாங்கிய உச்சச் சூடு, வீட்டுக்குள் இரவு 10, 11 மணிக்கு வந்து சேரும், வீட்டார் பாய் விரிக்கிற நேரத்தில். ஒரே சுவர், ஒரே சமன்பாடு. தீயின் கால அளவை வைத்தால் அது காவல், வெயிலின் கால அளவை வைத்தால் அது கிடங்கு. 1884ஆம் ஆண்டின் விதி முதல் கேள்வியை மட்டும் கேட்டது.

அந்தத் தாமதம் எல்லா இடத்திலும் தீமை என்றும் சொல்லிவிட முடியாது. 1897இல் முடிந்த அரசுச் செயலகம், இன்றைய சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், சுமார் 40 இலட்சம் செங்கல் தின்றதாகச் சொல்வார்கள். கனத்த சுவர், ஆழமான தாழ்வாரம். நண்பகல் வெயில் அந்தச் சுவரைக் கடந்து உள்ளே வரும்போது அலுவலகம் கலைந்திருக்கும். பகலில் ஆள் இருந்து இரவில் காலியாகும் கட்டடத்துக்கு ஆறேழு மணி நேரத் தாமதம் வரம். அங்கே வேலை முடிந்து வீடு திரும்பிய குமாஸ்தாவுக்கு, அதே செங்கல்லால் கட்டிய வீட்டில், அதே தாமதம் நேர்மாறாக வேலை செய்தது.

கோலாலம்பூரை அறிந்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். இங்கே பகலில் 32, 33 டிகிரி, இரவில் 23, 24. பாலைவனம் போல முப்பது டிகிரி ஏற்ற இறக்கமா இருக்கிறது? இவ்வளவு சின்ன வேறுபாட்டில் சுவர் எதைச் சேர்த்துவிடப் போகிறது? காற்றின் வெப்பத்தை மட்டும் எண்ணினால் கேள்வி நியாயமானது. ஆனால் சுவர் காற்றை மட்டும் பார்ப்பதில்லை, வெயிலையும் பார்க்கிறது. நேர்வெயில் படும் சுவரும் ஓடும் காற்றைவிடப் பல டிகிரி மேலே போய்விடும். மேலும் ஏற்ற இறக்கம் சிறியது என்பது சுவருக்குச் சாதகமான வாதம் ஆகாது. நியூட்டன் விதிப்படி ஆறும் வேகம் வேறுபாட்டைப் பொறுத்தது. பாலைவனத்தில் இரவுக் காற்று மிகவும் குளிர்ந்துவிடுவதால் சுவர் வேகமாகச் சூட்டை இழக்கிறது. வறண்ட தெளிந்த வானத்துக்கும் கதிர்வீச்சாக விட்டுவிடுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் இரவுக் காற்று பெரும்பாலும் 23, 24 டிகிரியோடு நின்றுவிடுகிறது, ஈரமும் மேகமும் வானத்தை மூடிவிடுகின்றன. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க இடமில்லை. கனத்த சுவர் ராஜஸ்தானுக்குப் பொருந்துகிறது, இங்கே பொருந்தவில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

கடைவீட்டைக் கட்டியவர்கள் சூட்டைப் பற்றி எண்ணவே இல்லை என்றும் சொல்ல முடியாது. முன்னால் அஞ்சடி என்ற கூரையிட்ட நடைபாதை, நடுவில் வானம் பார்த்த முற்றம், உயர்ந்த கூரை. இவையெல்லாம் வெப்பத்துக்குச் செய்த ஏற்பாடு தானே? ஆம், நல்ல ஏற்பாடுதான். அஞ்சடி முன்சுவருக்கு நிழல் தருகிறது, வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகளில் பக்கச் சுவர்களுக்கு வெயிலே படாது. வரிசை நடுவிலிருந்த கடைவீடு, வரிசைக் கோடியிலிருந்ததைவிடவும் தனித்து நின்ற வீட்டைவிடவும் இரவில் நன்றாகவே இருந்திருக்கும். ஆனால் இந்த ஏற்பாடு எதுவும் செங்கல்லின் குணத்தை ஆராய்ந்து பிறந்ததில்லை. அஞ்சடியைச் சட்டமாக்கியது ராஃபில்ஸ் சிங்கப்பூருக்கு 1822இல் வகுத்த நகரத் திட்டம். அங்கிருந்து அது தீபகற்பத்தின் ஊர்களுக்கு வந்தது. ஃபூரியேயின் நூல் பாரிஸில் வெளியான அதே ஆண்டு என்பது தற்செயல், அதில் பொருள் தேட வேண்டாம். நிழலும் காற்றோட்டமும் கண்ணுக்கும் தோலுக்கும் அந்தக் கணமே தெரிகிறவை. சுவர் பகலில் வாங்கி இரவில் தருவது அப்படித் தெரிவதில்லை. காரணமும் விளைவும் ஏழு மணி நேரம் பிரிந்து நிற்கின்றன. இரவு 11 மணிப் புழுக்கத்தை எவரும் மாலை 4 மணி வெயிலோடு முடிச்சுப் போடுவதில்லை. காற்றே இல்லை என்றுதான் சொல்வார்கள்.

இதற்கு எதிர்முனையில் தோட்டப்புறத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயம் நிற்கிறது. பலகைச் சுவர், தகரக் கூரை. அரை மில்லிமீட்டர் தகரத்தின் உள்ளே சூடு பரவும் நேரத்தைக் கணக்கிட வேண்டிய அவசியமே இல்லை; நியூட்டன் விதி அப்படியே பொருந்தும். வேறுபாடு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. செங்கற்சுவருக்கு அதே சுருக்கத்துக்கு நான்கைந்து மணி நேரம். மேகம் மறைத்தால் தகரம் ஆறும், விலகினால் காயும். காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போய், பால்வெட்டு முடித்துத் திரும்பும் நண்பகலில் லயத்துக்குள் இருக்க முடியாது. பொழுது சாய்ந்ததும் கூரை குளிர்ந்துவிடும். இரவுச் சூட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் கிள்ளான் வட்டாரத்து லயம், பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸைவிடச் சீக்கிரம் ஆறியது. இதைச் சொல்வதால் லயத்தைப் புகழ்கிறேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நெருக்கமும் மலேரியாவும் அந்த வாழ்க்கையின் பெரிய உண்மைகள். சூடு அவற்றுக்குப் பின்னால்தான் வரும். அத்தாப்பு இரண்டையும்விட நல்லது: எடை குறைவு, சூட்டைச் சேர்த்துவைக்காது, தகரம் போல ஒரேயடியாகக் கடத்திவிடவும் செய்யாது. தீ மட்டும் அதற்குப் பகை. 1881இல் அந்தப் பகை வென்றுவிட்டதால் அதன் மற்ற குணங்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

கணக்குத் தெரிந்தவர்கள் அப்போது யாருமே இல்லையா? இருந்தார்கள், வேறு எதையோ கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். எடின்பரோவில் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் 1837 முதல் பாறையிலும் மணலிலும் ஆழ ஆழமாக வெப்பமானிகளைப் புதைத்து, ஆண்டுச் சுழற்சியின் வெப்ப அலை கீழே போகப் போக எவ்வளவு தேய்கிறது, எவ்வளவு தாமதிக்கிறது என்று பதிவுசெய்தார். அந்தப் பதிவுகளை வைத்து வில்லியம் தாம்சன் 1860களின் தொடக்கத்தில் ஃபூரியேயின் கணக்கைச் சரிபார்த்தார். எடின்பரோ தூரம் என்று சொல்லிவிட முடியாது. நாஞ்சில் நாட்டுக்குப் பக்கத்தில், திருவிதாங்கூர் அரசு நடத்திய திருவனந்தபுரம் வானாய்வகத்தில் ஜான் கால்டிகாட் 1842 முதல் 1845 வரை மண்ணுக்குள் வெப்பநிலையை அளந்து அனுப்பியிருக்கிறார். வெப்பமண்டலத்தில் சூட்டு அலை மண்ணுக்குள் எப்படி நடக்கிறது என்ற தரவு, கோலாலம்பூர் என்ற ஊர் உருவாவதற்கு முன்பே கையில் இருந்தது. மண் தரையைச் செங்கற்சுவராகவும் ஓர் ஆண்டை ஒரு நாளாகவும் மாற்றினால் நம் கணக்கு கிடைத்துவிடும். யாரும் மாற்றவில்லை. தாம்சனுக்குப் பூமி எத்தனை கோடி ஆண்டுகளாக ஆறிக்கொண்டிருக்கிறது என்பது கேள்வி. தூங்கும் அறையின் சுவர் அவர் பார்வையில் படவில்லை.

கட்டடம் பற்றிச் சிந்தித்த ஐரோப்பியர்களும் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே பெக்லே என்ற பிரெஞ்சுக்காரர் சுவர் வழியே சூடு இழப்பதைக் கணக்கிடும் முறையை நூலாக எழுதிவிட்டார். ஆனால் அது குளிர்நாட்டின் கேள்வி. உள்ளே அடுப்பு, வெளியே பனி. நாள் முழுவதும் சூடு ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறுகிறது. அங்கே நேரம் என்ற ஒன்று கணக்குக்குள் வரவே வேண்டாம். கனம் இரட்டித்தால் இழப்பு பாதி என்ற எளிய வாய்ப்பாடு போதும். குடியேற்ற நாடுகளுக்குக் கப்பலேறி வந்த பொறியியல் கையேடுகளில் இருந்தது இந்த நிலையான கணக்கு. வெப்பமண்டலத்தின் கேள்வி அலையைப் பற்றியது, ஏறி இறங்குவதைப் பற்றியது. அதற்குரிய கணிதத்தை ஃபூரியேதான் கொடுத்திருந்தார், ஆனால் அது வானியலாளரிடமும் புவியியலாளரிடமும் தங்கிவிட்டது. நாள் சுழற்சியில் ஒரு சுவர் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கட்டடப் பொறியாளர் எடுத்துப் பயன்படுத்தும் வடிவில் மக்கி, ரைட் என்ற அமெரிக்கர் இருவர் வெளியிட்டது 1944இல், அதுவும் குளிரூட்டும் எந்திரத்தின் அளவைத் தீர்மானிப்பதற்காக. மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்து, பிறகு லண்டனில் வெப்பமண்டலக் கட்டடக்கலை கற்பித்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கரும் உடனாசிரியர்களும் எழுதிய பாடநூல், ஈரமும் வெப்பமும் மிகுந்த நாட்டில் இரவில் தங்கும் அறைக்கு எடை குறைந்த சுவரே ஏற்றது என்பதை 1970களில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அதே காலத்தில் ஆய்வாளர் ஷாம் சானி கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா பகுதியின் வெப்பத்தை அளந்து, காற்று அடங்கிய தெளிந்த இரவுகளில் நகரின் நடுப்பகுதி சுற்றுப்புறத்தைவிடப் பல டிகிரி சூடாக இருப்பதைக் காட்டினார். அந்தக் கூடுதல் சூட்டில் தாரும் கான்கிரீட்டும் எந்திரங்களும் விடும் பங்கும் உண்டு. செங்கல்லை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பகலில் வாங்கி இரவில் விடும் பொருள்களால் ஒரு நகரத்தைக் கட்டும் வழக்கம் 1884இல் தொடங்கியதுதான்.

சுவெட்டன்ஹாம் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்கலாம். தீ எரித்த ஊரின் நிர்வாகி தீயைத்தான் முதலில் பார்ப்பார்; நான் அவர் இடத்தில் இருந்தாலும் செங்கல்லைத்தான் சொல்லியிருப்பேன். அவர் தேர்ந்த பொருளில் குறை காண வேண்டியதில்லை. தீக்காகப் பக்கச் சுவரைக் கனமாகவும், வெயில்படும் பின்சுவரையும் மேல்மாடியையும் எடை குறைத்தும் கட்டலாம் என்ற யோசனைக்கு, தீயின் ஒரு மணி நேரத்தையும் வெயிலின் ஒரு நாளையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க வேண்டும். அனுபவம் அதைத் தராது. ஒரு நகரம் ஒரு முறைதான் கட்டப்படுகிறது. கட்டியவர் வேறு, குடியிருந்தவர் வேறு. புழுக்கத்துக்கு வாடகையில் தள்ளுபடி கிடையாது.

இன்று மலேசியாவில் இதற்கென்று கணக்கு உண்டு. எம்.எஸ். 1525 என்ற தர விதி 2001இல் வந்தது, பிறகு பலமுறை திருத்தப்பட்டது. வீடல்லாத கட்டடங்களில், குளிரூட்டப்பட்ட பரப்பு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், வெளிச்சுவர் வழியே உள்ளே வரும் சூடு சதுர மீட்டருக்கு 50 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. கண்ணாடியில்லாத சுவர்ப் பகுதிக்கான சூத்திரம் எளியது: சுவர் நிறம் வெயிலை எவ்வளவு உறிஞ்சுகிறது, சுவரின் பங்கு எவ்வளவு, சுவர் சூட்டைக் கடத்தும் அளவான யூ மதிப்பு எவ்வளவு என்று மூன்றையும் பெருக்கி 15 என்ற எண்ணாலும் பெருக்க வேண்டும். அந்த 15 எல்லாச் சுவருக்கும் ஒன்றுதான். ஒரே யூ மதிப்பு வரும்படி ஒரு சுவரைத் தகட்டாலும் பஞ்சாலும், இன்னொன்றைக் கனத்த செங்கல்லாலும் கட்டினால் இரண்டுக்கும் விடை ஒன்றே வரும். சூடு எத்தனை மணிக்கு உள்ளே வந்து சேரும் என்ற கேள்விக்கு அந்தச் சூத்திரத்தில் இடமில்லை. பெக்லேயின் நிலையான கணக்கு புதிய உடுப்பில் தொடர்கிறது. அலுவலகக் கோபுரத்துக்கு அதனால் பெரிய நட்டமில்லை. மாலை ஆறு மணிக்கெல்லாம் அங்கே விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.